மே மாதத்துக்கு மட்டும்தானா ஏற்காட்டுப் பூங்காக்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏற்காடு கோடை விழாவையும் அதையொட்டி நடைபெறும் மலர்க் கண்காட்சியையும் பற்றிய செய்திகளை ஆண்டுதோறும் மே மாதத்தில் தங்கள் நாளிதழ் படங்களுடன் விரிவாக வெளியிட்டு வருகிறது. அந்தச் செய்திகளைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புகிற குடும்பங்கள் சேலம் மாவட்டத்தில் ஏராளம். எங்கள் குடும்பமும் அவற்றில் ஒன்று. ஆகவே, கண்காட்சி முடிந்த பிறகு எஞ்சி நிற்கும் பதினொரு மாதங்களைப் பற்றிப் பேசுவதற்கும் தங்கள் நாளிதழே பொருத்தமான இடம் என்று கருதி இக்கடிதத்தை எழுதுகிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஏற்காட்டின் பொதுப் பூங்காக்களில், தொட்டிகளில் கொண்டுவந்து அடுக்கிப் பிறகு எடுத்துச் செல்லப்படும் பூச்செடிகளோடு நின்றுவிடாமல், மாதம் தவறாமல் ஏதேனும் ஒரு மரமோ செடியோ கொடியோ பூத்திருக்கும்படி, தரையில் வேரூன்றி நிற்கும் நிரந்தர நடவைத் தோட்டக்கலைத் துறை திட்டமிட்டுச் செய்ய வேண்டும்.

மலர்க் கண்காட்சியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. மே மாதத்தில் பூக்க வேண்டிய செடிக்குக் குளிர் விலகும் முன்பே விதை தூவி, நாற்று எடுத்து, தொட்டிக்கு மாற்றி, நுனி கிள்ளி, மொட்டு வரும் நாளைக் கணக்கிட்டு வளர்க்கும் தோட்டப் பணியாளர்களின் உழைப்பு சாதாரணமானதல்ல. ரோஜாவும் கார்னேசனும் ஜெர்பராவும் கொண்டு அவர்கள் உருவாக்கும் பெரிய உருவங்களைக் குழந்தைகள் வாய் பிளந்து பார்ப்பதை நானும் பார்த்து மகிழ்ந்திருக்கிறேன். ஆனால் அந்தச் செடிகளில் பெரும்பாலானவை ஒரு பருவத்துச் செடிகள். பூத்து முடிந்தால் அவற்றின் ஆயுளும் முடிந்துவிடும். உருவங்களில் செருகிய பூக்களோ சில நாள்களில் வாடிவிடுகின்றன. விழா முடிந்ததும் எல்லாவற்றையும் அகற்றியே தீர வேண்டும்.

அப்படி அகற்றிய பிறகு மலையிலுள்ள ஒரு பூங்கா எப்படியிருக்கும் என்பதை, வெளியூரிலிருந்து வந்திருந்த உறவினர்களை அழைத்துச் சென்றபோது கண்ணாரக் கண்டேன். ஆடி மாதம், காலையில் பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. பாதையின் இருபுறமும் தொட்டிகள் இருந்த இடமெல்லாம் வட்ட வட்டமாகப் புல் வெளுத்துக் கிடந்தது. கம்பியால் கட்டிய ஏதோ ஒரு பறவையின் எலும்புக்கூடு வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்க, அதன் கம்பிகளுக்கிடையே பூக்காம்பு செருகும் பச்சை நுரைக்கட்டிகள் மழையில் ஊறி உதிர்ந்துகொண்டிருந்தன. பந்தல் பிரித்த கல்யாண வீடு போலிருந்தது அந்த இடம். கட்டணம் கொடுத்து உள்ளே வந்திருந்த ஒரு மூதாட்டி, “பூவெல்லாம் எங்கேப்பா?” என்று காவலரிடம் கேட்டார். “மே மாசம் வாங்கம்மா” என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான். அந்த உண்மைதான் என்னை வருத்துகிறது. மழை பெய்து, மண் குளிர்ந்து, மலையே பச்சை பூண்டு நிற்கும் மாதத்தில், மலைப் பூங்காவில் மட்டும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது நியாயமாகத் தோன்றவில்லை.

இதற்கு மாற்று இருக்கிறதா என்று கேட்பவர்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சேலத்தில் பாதிக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளோ மருமக்களோ பெங்களூரில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோர், காலை நேரத்தைக் கழிக்கப் போகும் இடம் பெரும்பாலும் லால்பாகாகத்தான் இருக்கும். 240 ஏக்கர் பரப்புள்ள அந்தத் தோட்டம் 1760-ல் ஹைதர் அலி காலத்தில் தொடங்கப்பட்டது. அங்கும் மலர்க் கண்காட்சி உண்டு, குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் கண்காட்சியின் நடுவிடம் 1889-ல் அடிக்கல் நாட்டப்பட்ட கண்ணாடி மாளிகை. கண்காட்சி அந்த மாளிகைக்குள் வந்து போகிறது. தோட்டம் தன் போக்கில் ஆண்டு முழுவதும் பூத்துக்கொண்டிருக்கிறது. கண்காட்சி இல்லாத ஒரு மாதத்தில், வெறும் செவ்வாய்க்கிழமையில் போனாலும், பாறைக்குன்றைச் சுற்றி நடந்து, ஏரிக்கரைக்கு இறங்கி, எங்கேயாவது ஒரு மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பூக்களை மிதிக்காமல் ஒதுங்கி நடக்க வேண்டிய இடம் ஒன்று கட்டாயம் வரும்.

அது தற்செயலாக நேர்ந்ததல்ல. ஜெர்மனியில் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, பரோடா சமஸ்தானத்தில் பணிபுரிந்து, 1908-ல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து லால்பாகின் பொறுப்பை ஏற்ற கிரம்பீகல் என்பவர், ஒரு மரம் பூத்து ஓயும்போது அடுத்த மரம் பூக்கத் தொடங்கும்படி, மாதங்களைக் கணக்கில் வைத்து மரங்களைத் தேர்ந்து நட வேண்டும் என்ற முறையை அந்த நகரத்தில் வேரூன்றச் செய்தார். அவருக்குப் பின் வந்த தோட்டக்கலை அதிகாரிகளும் அதைக் கைவிடாமல் தொடர்ந்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் இளஞ்சிவப்பு டபேபுயா, மார்ச்சில் ஊதா நிற ஜக்கராந்தா, கோடை முற்றும்போது மயிற்கொன்றை எனப் பெங்களூரின் சாலைகள் இன்றும் நிறம் மாறிக்கொண்டிருப்பதற்கு, நூறாண்டுக்கு முன் ஒருவர் போட்ட கணக்கும் ஒரு காரணம். அந்த மரங்களில் பல, தென் அமெரிக்கா போன்ற தொலைநிலங்களிலிருந்து வந்தவை. வந்த மரங்களை வைத்தே அங்கே அவ்வளவு செய்ய முடிந்ததென்றால், தனக்கென்றே தாவரங்களை வைத்திருக்கும், ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் இன்னும் எவ்வளவோ செய்யலாம்.

அந்த மாதக் கணக்கை ஏற்காட்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. தை, மாசியில் இலையுதிர்த்து நிற்கும் கல்யாண முருங்கை செக்கச் செவேலென்று பூக்கும். மிளகுக் கொடி ஏற்றுவதற்காகவும் காபிக்கு நிழலுக்காகவும் தோட்டங்களில் வளர்க்கப்படும் மரம் அது. பூங்காவில் நாலைந்தை ஒன்றாக நட்டால் அந்த மூலையே தீப்பிடித்ததுபோல் தெரியும். தேன் குடிக்க வரும் மைனாக்களையும் தேன்சிட்டுகளையும் பார்க்கவே தனியாக ஆள் வருவார்கள். அதே நேரத்தில் மலையின் குளிரில் அசேலியா பூக்கும். பங்குனியில் சில்வர் ஓக் மரங்களில் பொன்னிறச் சீப்புகள்போல் பூக்கள் தொங்கும். ஆஸ்திரேலிய மரமானாலும் காபித் தோட்டங்களின் நிழல் மரமாகி, இன்று ஏற்காட்டின் முகமே அதுதான் என்று சொல்லும்படி ஆகிவிட்டது.

அடுத்து வருவது காபிப் பூ. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்து சேர்த்து இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆனால் சுற்றுலாவாக வருகிறவர்களில் காபிச் செடி பூத்துப் பார்த்தவர் எத்தனை பேர் என்பது ஐயமே. மொட்டுகள் கணுவுக்குக் கணு திரண்டு, வளராமல் அப்படியே காத்திருக்கும். மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு நல்ல மழை இறங்கிவிட்டால், அதிலிருந்து எட்டு, பத்து நாள்களில் ஒரு விடியற்காலையில் எல்லாச் செடியும் ஒருசேர மலரும். இலைக் கக்கங்களில் வெள்ளை வெளேரென்று கொத்துக் கொத்தாக, கிளை முழுவதும் சரம் தொடுத்தாற்போல் இருக்கும்; மணம் மல்லிகையை ஒத்தது; ஆனால் காற்றில்லாத காலையில் அது தோட்டத்துக்கு வெளியே சாலை வரைக்கும் வந்து நிற்கும். இரண்டு, மூன்று நாள்களில் பூக்கள் பழுத்துச் சுருண்டுவிடும். இந்தக் காட்சி தனியார் தோட்டங்களின் வேலிக்கு உள்ளே நடந்து முடிந்துபோகிறது. அரசுப் பூங்கா ஒன்றில் ஓர் ஏக்கரில் காபிச் செடிகளை நிழல் மரங்களோடு வைத்துவிட்டால், மழை பெய்த நாளிலிருந்து கணக்கிட்டு, “இந்த வாரம் காபி பூக்கும்” என்று தங்கள் நாளிதழிலேயே அறிவிக்கலாம். அதைப் பார்க்க மட்டுமே நான் அஸ்தம்பட்டியிலிருந்து முதல் பேருந்தைப் பிடிப்பேன்.

சித்திரை, வைகாசியில் ஜக்கராந்தாவும் சரக்கொன்றையும் இருக்கவே இருக்கின்றன. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட் வகைகளில் பல, கோடை மழையோடு பூக்கத் தொடங்கி ஆடி வரை நீடிக்கும். மழைக்காலத்துக்கு ஹைட்ரேஞ்சியாவைவிடப் பொருத்தமான செடி இல்லை. அமிலத்தன்மையுள்ள மண்ணில் அலுமினியத்தை உறிஞ்சி நீலமாகவும், சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் செடி அது. சேர்வராயன் மலையோ அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தலையில் சுமந்திருக்கும் மலை. காபி விரும்புகிற அமில மண் இங்கே இயல்பாகவே உண்டு. ஓர் ஏரிக்கரைச் சரிவு முழுவதையும் நீல ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒதுக்கினால், ஆடி மாதத்தில் வருகிறவர்களுக்கு யாரும் “மே மாசம் வாங்க” என்று சொல்ல வேண்டியிருக்காது. புரட்டாசி, ஐப்பசியில் நம் மாநில மலரான செங்காந்தள் வேலிப் படலில் ஏறிப் பூக்கும். கார்த்திகை, மார்கழிப் பனியில் பாயின்செட்டியா சிவக்கும். குறிஞ்சியின் இனத்தைச் சேர்ந்த செடிகள் இம்மலையில் உண்டு. ஆண்டுதோறும் பூக்காமல் காத்திருந்து பூக்கிறவற்றுக்கும் ஒரு பாத்தி கொடுத்து, காத்திருக்க வைப்பதும் ஒரு பூங்காவின் வேலைதான் என்று நான் நினைக்கிறேன்.

இவற்றையெல்லாம் எங்கிருந்து கொண்டுவருவது என்ற கேள்விக்கும் ஏற்காட்டிலேயே விடை இருக்கிறது. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் அங்கே இயங்கி வருகிறது. ஏறத்தாழ 18 ஹெக்டேர் பரப்பில், தென்னிந்திய மலைகளின் ஆர்க்கிட்டுகளையும், மேகாலயத்தின் பூச்சியுண்ணும் குடுவைச் செடியையும், இம்மலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற மரத்தையும் அங்கே பாதுகாத்து வளர்க்கிறார்கள். சூரியகாந்திக் குடும்பத்தில் பெரும்பாலானவை செடிகளாகவே இருக்க, இது மரமாக வளர்வது. இம்மலைக்கே உரிய மரம் இது என்பது ஏற்காட்டுக்கு வந்துபோகும் இலட்சக்கணக்கானவர்களுக்குத் தெரியாது; சேலத்துக்காரர்களுக்கே தெரியாது. அதன் கன்றுகளில் சிலவற்றைப் பொதுப் பூங்காக்களில் வைத்து, பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதி நிறுத்துவதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் ஏற்காட்டில் இருக்கிறது. இத்தனை அறிவு ஒரே ஊரில் கூடியிருப்பது எளிதில் வாய்ப்பதல்ல. இவ்விரு நிறுவனங்களும் தோட்டக்கலைத் துறையும் ஒரு மேசையில் உட்கார்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மலையின் செடிகொடிகளைத் தலைமுறை தலைமுறையாக அறிந்த மலையாளிப் பழங்குடி மக்களையும் அந்த மேசைக்கு அழைக்க வேண்டும். களை பறிக்கும் கூலிக்கு மட்டும் அவர்களை அழைப்பது போதாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். பூங்காவில் வைப்பதற்காகக் காட்டு மரங்களிலிருந்து ஆர்க்கிட்டுகளைப் பிய்த்துக்கொண்டு வரும் வேலை ஒருபோதும் நடக்கக் கூடாது. வளர்ப்புச் செடிகளிலிருந்து பிரித்து எடுத்தவை மட்டுமே போதும். அதற்குச் சில ஆண்டுகள் கூடுதலாக ஆனாலும் ஆகட்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவைப்படும் மாதங்கள் பங்குனியும் சித்திரையும். மலையில் ஊற்றும் ஓடையும் வற்றும் மாதங்களும் அவையே. வேர் பிடித்த மரத்துக்கும் புதருக்கும் முதல் இரண்டு, மூன்று கோடைகளைக் கடத்திவிட்டால் போதும், அதன் பிறகு மலை மழையே பார்த்துக்கொள்ளும். ஆண்டுதோறும் புதிதாகச் செய்யும் செலவில் ஒரு சிறு பகுதியைச் சில ஆண்டுகளுக்கு இதற்குத் திருப்பினாலே தொடக்கம் போட்டுவிடலாம்.

கூட்ட நெரிசலைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கோடை விழா நாள்களில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வாகனங்கள் ஊர்ந்து ஏறுவதையும், இறங்கும் வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவதையும், ஏற்காட்டின் ஒண்டிக்கடைப் பகுதியில் நடக்க இடமில்லாமல் போவதையும் தாங்களே செய்தியாக்கியிருக்கிறீர்கள். ஆண்டு முழுவதற்குமான ஆவலை ஒரே வாரத்தில் திணிப்பதால் வரும் வினை அது. அந்த வாரத்தில் ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடும் பெண்மணிக்குக் கை ஓயாது; மற்ற மாதங்களில் சனி, ஞாயிறு தவிர அடுப்பு பற்றவைப்பதே கட்டுபடியாகாது என்று அவர்களில் சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மிளகும் காபித்தூளும் கொய்யாவும் விற்பவர்களின் நிலையும் அதுவே. காபிப் பூவுக்கு ஒரு கூட்டம், ஆர்க்கிட்டுக்கு ஒரு கூட்டம், ஹைட்ரேஞ்சியாவுக்கு ஒரு கூட்டம் என்று வருகை பிரிந்தால், மலைச் சாலைக்கும் மூச்சு கிடைக்கும், இவர்களுக்கும் மாதந்தோறும் கொஞ்சமாவது வருமானம் கிடைக்கும்.

நிரந்தர நடவு ஒரே ஆண்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், திறப்பு விழாவில் படம் பிடித்துப் போடும்படியாக அதில் எதுவும் இருக்காது என்பதையும் நான் அறிவேன். ஆகவே, முதற்படியாக இரண்டை மட்டும் கேட்கிறேன். ஏற்காட்டுப் பூங்காக்களில் ஏதேனும் ஒன்றில், ஒரு மூலையை, தொட்டிகளே வைக்காத பகுதியாக ஒதுக்கி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஆனி மாதத்திலேயே கன்றுகளை நட வேண்டும். நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில், “இம்மாதம் பூத்திருப்பவை” என்று தலைப்பிட்டு, பூவின் தமிழ்ப் பெயரையும் அது தோட்டத்தில் எந்தப் பாதையோரம் இருக்கிறது என்பதையும் எழுதி, மாதம் பிறந்ததும் மாற்றக்கூடிய ஒரு கரும்பலகையை வைக்க வேண்டும். பலகையில் எழுத ஒன்றுமில்லாத மாதம் வந்தால், அந்த மாதத்துக்கு எதை நட வேண்டும் என்று அதுவே துறைக்குக் காட்டிக்கொடுக்கும். சேலம் நகருக்குள் உள்ள பூங்காக்களுக்கும் இதே பலகை பொருந்தும். சமவெளியில் இலவம், புரசு, புங்கன், சரக்கொன்றை, மரமல்லி என்று ஆண்டைச் சுற்றி வருவதற்கு நம் ஊர் மரங்களே போதும்.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களை நடத்திவரும் குடும்பங்களுக்கும் தங்கள் நாளிதழ் மூலம் ஒரு வேண்டுகோள். தோட்ட அலுவலகங்களில் நாள்தோறும் மழையளவைக் குறித்துவைக்கும் பேரேடுகள் உண்டு. காபியை மலரவைக்கும் பூ மழை எப்போது இறங்கியது, காபி எந்த நாளில் பூத்தது என்பதையும் அவற்றில் எழுதிவைப்பது வழக்கம். என் தந்தையார் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதியபோது, மழைக்கணக்கின் ஓரத்தில் கல்யாண முருங்கை பூத்த நாளையும் செண்பகம் பூத்த நாளையும்கூடப் பென்சிலால் குறித்துவைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட பழைய பேரேடுகள் யாரிடமேனும் இருந்தால், அவற்றின் படிகளை ஏற்காட்டுத் தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்குக் கொடுத்து உதவ வேண்டும்; எந்த மாதத்துக்கு எதை நடுவது என்று முடிவு செய்ய, இம்மலையிலேயே எழுதப்பட்ட அந்தக் குறிப்புகளைவிட நம்பகமான ஆவணம் துறைக்கு வேறு எங்கும் கிடைக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.